பேட்டரியில் சார்ஜ் இருக்கும், மெஷின் அணைந்துவிடும்

தனியார் பஸ் கண்டக்டர்கள் தோளில் மாட்டியிருக்கும் டிக்கெட் மெஷின் பழுதென்று வந்தால், பெரும்பாலும் புகார் ஒன்றுதான். காலை நடையெல்லாம் நன்றாக ஓடும். சாயங்காலம் ஆனதும், திரையில் பேட்டரி பாதி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே டிக்கெட் பாதி வந்து மெஷின் அணைந்துவிடும். திரும்ப ஆன் செய்தால் அதே பாதி பேட்டரி.

“சும்மா வச்சிருந்தா ராத்திரி வரைக்கும் இருக்குதுங்ணா. டிக்கெட் போட்டாத்தான் பொசுக்குன்னு போயிருது” என்றார் பொள்ளாச்சி லைனில் ஓடும் ஒரு கண்டக்டர். பழுதை இதைவிடச் சுருக்கமாக நானும் சொல்லிவிட முடியாது. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. கேட்கிற வேகத்தில் வெளியே வர மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

கோவையில் இந்த மாதிரி கையடக்க மெஷின்களைப் பழுது பார்ப்பதும், சின்னச் சின்னக் கருவிகளைச் செய்து கொடுப்பதும் என் தொழில். பேட்டரியோடு சூப்பர் கெபாசிட்டரை, அதாவது கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கேட்டதும் சட்டென்று கொடுக்கும் பாகத்தை, சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிற வீடியோக்கள் நிறைய உண்டு. சேர்த்துப் பயன் கண்ட இடமும் உண்டு, சேர்க்கவே கூடாத இடமும் உண்டு. இரண்டையும் மேசையில் அளந்து பார்த்த கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் அந்த மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டிக்கெட் அச்சாவது தெர்மல் பிரிண்டரில். மை கிடையாது, சூடு பட்டால் தாள் கறுக்கும். 58 மில்லிமீட்டர் தாளுக்கான பிரிண்டர் ஹெட்டில் 384 சூடேற்றும் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஒரு புள்ளியின் மின்தடை ஏறத்தாழ 176 ஓம். 7.4 வோல்ட்டில் ஒரு புள்ளி இழுப்பது 42 மில்லி ஆம்பியர்தான். ஆனால் 64 புள்ளிகள் சேர்ந்து எரியும்போது 2.7 ஆம்பியர். ஒவ்வொரு வரிக்கும் சில மில்லி விநாடிகள் இந்த இழுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை, அடுத்த வரி, மறுபடி இழுப்பு. மற்ற நேரத்தில் மெஷின் மொத்தமும் 50 மில்லி ஆம்பியரில் ஓடிவிடும்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு இந்த மாதிரி வெட்டு வெட்டாக இழுப்பது பிடிக்காது. லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள்ளிருந்து கிளம்பி, திரவத்தைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் உள்ளே நுழைய வேண்டும். புதுசாக இருக்கும்போது இது சுறுசுறுப்பாக நடக்கும். வயசானால் உள்மின்தடை ஏறிவிடும். புதுப் பேட்டரியில், இரண்டு செல்லும் பாதுகாப்பு போர்டும் தொடுமுனைகளும் சேர்த்து, 0.15 ஓம் மாதிரி இருந்தால், நாள்பட்ட பேட்டரியில் 0.5 ஓம் கூடப் பார்த்திருக்கிறேன். கணக்கு எளிது. 2.7 ஆம்பியரை 0.5 ஓமால் பெருக்கினால் 1.35 வோல்ட். சும்மா இருக்கும்போது 7.1 வோல்ட் காட்டும் பேட்டரி, வரி அச்சாகும் அந்தக் கணத்தில் 5.75-க்கு இறங்கிவிடும். நான் பார்த்த மெஷின்களில் 6 வோல்ட்டுக்குக் கீழே போனால் மெஷினை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் ரீசெட் ஆகும்.

இதை மல்ட்டிமீட்டரில் பார்க்க முடியாது. அது சராசரியைக் காட்டி 6.8, 6.9 என்று நம்மைத் திருப்திப்படுத்திவிடும். வோல்டேஜ் கணத்துக்குக் கணம் மாறுவதைத் திரையில் கோடாக வரையும் ஆஸிலோஸ்கோப் வேண்டும். பேட்டரி முனையில் ஒரு புரோபைப் போட்டு, கட்டத்துக்கு 1 வோல்ட் வைத்து, இறங்கும் விளிம்பில் ட்ரிகர் கொடுத்துவிட்டு ஒரு டிக்கெட் அடியுங்கள். திரையில் மேல்கோடு நேராக ஓடி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு வெட்டு விழும். அந்த வெட்டு எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற இரண்டும்தான் மேற்கொண்டு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இரண்டும் தெரியாமல் கெபாசிட்டர் வாங்கக் கிளம்புவது வெட்டிச் செலவு.

வெட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். ஒரு புரோப் பேட்டரியின் முனையில், இன்னொன்று மெஷின் போர்டில், பேட்டரியைத் தொடும் ஸ்ப்ரிங்குக்கு அந்தப் பக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி பேட்டரி இல்லை, தொடுமுனை. கண்டக்டர் கையில் வியர்வை, பஸ்ஸில் தூசி, மழைக்காலத்து ஈரம் எல்லாம் சேர்ந்து அந்த ஸ்ப்ரிங் கறுத்துப் போயிருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததில் மட்டுமே 0.1 ஓம் குறைந்து, வேறெதுவும் செய்யாமல் திருப்பிக் கொடுத்த மெஷின்கள் உண்டு.

இன்னொரு இலவச வைத்தியம், டிக்கெட்டில் கறுப்பைக் குறைப்பது. எழுத்துக்கு ஒரு வரியில் சில பத்துப் புள்ளிகள்தான் எரியும். கெட்டிக் கறுப்புப் பட்டையோ படமோ இருந்தால் 384 புள்ளிகளும் 64, 64 ஆக ஆறு முறை எரிய வேண்டும். உச்ச மின்னோட்டம் அதேதான், நேரம் ஆறு மடங்கு. ஒரு பஸ் முதலாளியின் டிக்கெட்டில் உச்சியில் கன்னங்கரேலென்று ஒரு வேல் படம். அந்த இடத்தில்தான் மெஷின் சரியாக அணையும். படத்தை எடுத்துவிட்டால் போதும் என்று சொன்னேன். “வேலை எடுக்கச் சொல்றீங்களா தம்பி? மெஷினை வேணா மாத்திக்கலாம்” என்றார். கடைசியில் வேலை வெறும் கோட்டோவியமாக மாற்றி, அச்சின் அடர்த்தியை ஒரு படி குறைத்ததில் இருவருக்கும் சமாதானம்.

இவ்வளவும் செய்த பிறகும் வெட்டு ஆழமாக இருந்து, புதுப் பேட்டரி கிடைக்கவில்லை அல்லது அந்த மாடலே நின்றுபோய்விட்டது என்றால்தான் சூப்பர் கெபாசிட்டர் பக்கம் போவேன்.

சூப்பர் கெபாசிட்டரில் ரசாயன மாற்றம் ஏதும் நடப்பதில்லை. நுண்துளைகள் நிறைந்த கரியின் மேற்பரப்பில் அயனிகள் வந்து ஒட்டுகின்றன, கேட்டதும் விலகுகின்றன. உள்ளே நுழைந்து வெளியே வரும் வேலை இல்லாததால் வேகம். ஒரு கிராம் ஆக்டிவேட்டட் கார்பனில் 1,500 சதுர மீட்டர் அளவுக்கு மேற்பரப்பு ஒளிந்திருக்கும். இந்தக் கரிக்கு உலகம் முழுக்க நல்ல மூலப்பொருளாக மதிக்கப்படுவது தேங்காய்த் தொட்டி. காங்கயம் பக்கம் லாரி லாரியாகப் போகும் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். நம் பக்கத்தில் கரி மலிவு, அதை வைத்துச் செய்த கெபாசிட்டர் மட்டும் பெரும்பாலும் இறக்குமதி. 2024-இல் கேரளத்தில் கண்ணூர் அருகே கெல்ட்ரான் ஒரு சூப்பர் கெபாசிட்டர் ஆலையைத் தொடங்கியிருக்கிறது. இங்கேயும் வரட்டும்.

சரி, கடையில் என்ன கேட்டு வாங்குவது? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் சூப்பர் கெபாசிட்டர் என்று மட்டும் கேட்டால், பல நேரம் கையில் கிடைப்பது நாணயம் மாதிரி தட்டையாக இருக்கும் 5.5 வோல்ட், 1 ஃபாரட் வகை. ஃபாரட் என்பது கெபாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு. வாங்காதீர்கள். அது கடிகாரச் சிப்புக்கும் மெமரிக்கும் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளச் செய்தது. 1970-களின் கடைசியில் ஜப்பானின் என்.இ.சி. இந்தப் பெயரில் விற்க ஆரம்பித்ததும் அந்த வேலைக்குத்தான். அதன் உள்மின்தடை, தயாரிப்பாளர் தரும் தரவேட்டில் ஈ.எஸ்.ஆர். என்று போட்டிருப்பது, பத்து ஓமுக்கு மேலே, சிலவற்றில் நூறு ஓமைத் தொடும். 2.7 ஆம்பியர் கேட்டால் அது என்ன கொடுக்கும்? ஒன்றும் கொடுக்காது. ஃபாரட் எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்குகிறவர்கள் எல்லாம் இங்கேதான் மாட்டுவார்கள். இந்த வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியது ஈ.எஸ்.ஆர்., அப்புறம்தான் ஃபாரட்.

நான் எடுப்பது உருளை வடிவ 2.7 வோல்ட், 10 ஃபாரட் செல். நல்ல செல்லில் ஈ.எஸ்.ஆர். 40 மில்லி ஓம் வாக்கில் இருக்கும். வாங்கியதும் இரண்டு சோதனை. 2.5 வோல்ட் வரை சார்ஜ் செய்து, 10 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு, வோல்டேஜ் 0.92-க்கு இறங்க எத்தனை விநாடி என்று பாருங்கள். 100 விநாடி ஆனால் 10 ஃபாரட் உண்மை. 40 விநாடியில் இறங்கினால் அது 4 ஃபாரட், உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. அடுத்து, 2.5 ஓம் ரெசிஸ்டரைச் சட்டென்று இணைத்து ஸ்கோப்பில் பாருங்கள். இணைத்த அந்தக் கணமே விழும் செங்குத்துப் படி 40 மில்லி வோல்ட் என்றால் ஈ.எஸ்.ஆர். 40 மில்லி ஓம். பழைய போர்டிலிருந்து பிரித்தெடுத்து புது உறை மாட்டிய சரக்கு இந்த இரண்டாம் சோதனையில் தப்பாது.

எத்தனை செல் தொடராக வைப்பது? டிக்கெட் மெஷின் பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட். மூன்று செல் வைத்தால் செல்லுக்கு 2.8, அதாவது 2.7 தாண்டிவிடும். மூன்று என்றால் 3 வோல்ட் வகைதான் வேண்டும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், இடமும் மிச்சம். நான் 2.7 வோல்ட் செல் நான்கு வைக்கிறேன். செல்லுக்கு 2.1 வோல்ட்தான் வரும். இதற்குக் காரணம் வெயில். சூப்பர் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி ஏறினால் பாதியாகும் என்பது பொது விதி. சாதாரண செல்லுக்குத் தரவேட்டில் 65 டிகிரியில் முழு வோல்டேஜில் 1,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். 45 டிகிரிக்கு அது 4,000 மணி நேரம், தொடர்ந்து ஓடினால் ஐந்தரை மாதம். சித்திரை மாசத்து மதியம், நிறுத்தி வைத்த பஸ்ஸின் டேஷ்போர்டில் கிடக்கும் மெஷினுக்கு 45 டிகிரி என்பது குறைவு. வோல்டேஜைக் குறைத்தால் ஆயுள் அதே மாதிரி நீளும். அதனால் நான்கு. ஆயுள் முடிந்தாலும் அது திடீரென்று செத்துப்போவதில்லை, ஈ.எஸ்.ஆர். இரட்டிப்பாகி ஃபாரட் 30 சதவீதம் வாக்கில் குறைவதையே ஆயுள் முடிவு என்று கணக்கிடுகிறார்கள்.

நான்கு 10 ஃபாரட் தொடரில் 2.5 ஃபாரட் ஆகும், ஈ.எஸ்.ஆர். 160 மில்லி ஓம். இதை 0.5 ஓம் பேட்டரிக்கு இணையாக வைத்தால், 2.7 ஆம்பியரில் 2 ஆம்பியர் கெபாசிட்டரிலிருந்தும் மீதி பேட்டரியிலிருந்தும் வரும். 1.35 வோல்ட் வெட்டு 0.33 ஆகச் சுருங்கிவிடும். 7.1 என்பது 6.77. மெஷின் அசையாது.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். இதனால் பேட்டரியின் கொள்ளளவு கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். 2.5 ஃபாரட் 8.4 வோல்ட்டில் பிடித்து வைக்கும் சக்தி 88 ஜூல். 1,500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 40,000 ஜூல். நானூறில் ஒரு பங்கு கூட இல்லை. கூடுதல் நேரம் ஓடுவது ஏற்கெனவே பேட்டரியில் இருந்து, வெட்டின் காரணமாக எட்டாமல் போன மின்சாரத்தினால்தான். அதனால் பேட்டரி நிஜமாகவே காலியாகும் கட்டத்தில் கெபாசிட்டர் எதையும் காப்பாற்றாது.

ஒரு மெஷினில் இப்படி மாட்டிக் கொடுத்ததும் டிக்கெட் அருமையாக வந்தது. ஆனால் கடைசி நடை முடிந்து கலெக்‌ஷன் ரிப்போர்ட் போட்டால் மட்டும் பாதியில் நின்றது. முதலாளிக்குக் கோபம். டிக்கெட் அச்சாக ஒரு விநாடிக்குள் ஆகிவிடும், ரிப்போர்ட் முழம் கணக்கில் நீளும். அவர் தோட்டம் வைத்திருப்பவர் என்பதால் விளக்குவது சுலபமாகிவிட்டது. போர்வெல்லில் ஒரு இஞ்ச் தண்ணிதான் வருகிறது, தொட்டியில் நிரப்பி வைத்து, பெரிய மோட்டார் போட்டுப் பாய்ச்சுகிறீர்கள். தொட்டி காலியானால் மறுபடி போர் கொடுக்கிற ஒரு இஞ்ச்தானே? “அட, அப்ப தொட்டியைப் பெருசு பண்ணுங்க” என்றார். பெரிசு பண்ண மெஷினுக்குள் இடம் இல்லை.

தொட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. பேட்டரி, கெபாசிட்டர் இரண்டின் மின்தடையையும் கூட்டி ஃபாரட்டால் பெருக்குங்கள். 0.66 ஓம் பெருக்கல் 2.5 ஃபாரட், ஒன்றே முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. இதைவிடச் சின்ன இழுப்பை கெபாசிட்டர் சமாளிக்கும். இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு நேரம் தொடர்ந்து இழுத்தால், சராசரி மின்னோட்டத்துக்கு உண்டான முழு வீழ்ச்சியும் பேட்டரியில் வந்துவிடும். தீர்வு மென்பொருளில்தான் கிடைத்தது. ரிப்போர்ட்டைப் பத்து வரிக்கு ஒருமுறை இரண்டு மூன்று விநாடி நிறுத்தி நிறுத்தி அச்சடிக்க வைத்தோம். மெஷின் யோசித்து யோசித்து அச்சடிக்கிறது என்று கண்டக்டர்கள் கேலி செய்தார்கள், ஆனால் நிற்கவில்லை.

மாட்டும் விதத்தில் கவனிக்க வேண்டியது முதலில் இடம். கெபாசிட்டர் ஸ்ப்ரிங்குக்கு உள்பக்கம், பிரிண்டருக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், தடித்த குட்டை வயரில் இருக்க வேண்டும். பேட்டரி பக்கம் வைத்தால் ஸ்ப்ரிங்கின் மின்தடை அப்படியே இடையில் நிற்கும், பாதிப் பயன் போய்விடும்.

அடுத்தது முதல் சார்ஜ். காலியான சூப்பர் கெபாசிட்டர் பேட்டரியின் கண்ணுக்கு ஷார்ட் சர்க்யூட்தான். 8.4 வோல்ட், புதுப் பேட்டரியும் கெபாசிட்டரும் சேர்த்து மொத்தம் 0.31 ஓம் என்றால் 27 ஆம்பியர். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு உடனே கதவைச் சாத்திவிடும். கெபாசிட்டர் நிரம்பாது, மெஷின் ஆன் ஆகாது. பட்டறையில் முதல் தடவை நிரப்ப 22 ஓம், 5 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டர் வழியாக ஐந்து நிமிஷம் விடுகிறேன். ஆனால் பஸ்ஸில் ராத்திரி பேட்டரியைக் கழற்றி சார்ஜருக்குப் போட்டுவிட்டுக் காலையில் மாட்டுவார்கள், அதற்குள் கெபாசிட்டர் இறங்கியிருக்கும். அதனால் மெஷினுக்குள்ளேயே சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் வைத்து, முதலில் ரெசிஸ்டர் வழி, நிரம்பியதும் நேர்வழி என்று மாற்ற வேண்டும். இந்தப் பகுதி இல்லாமல் இரண்டு வயரைப் பற்றவைத்து மூடுவது வீடியோவில் மட்டும் ஓடும்.

தொடராக வைத்த செல்கள் சமமாக வோல்டேஜைப் பங்கிட்டுக் கொள்ளாது. கசிவு குறைவாக உள்ள செல்லில் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஒவ்வொரு செல்லுக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். 2.1 வோல்ட்டில் 0.21 மில்லி ஆம்பியர் வீணாகும், ஒரு நாளைக்கு 5 மில்லி ஆம்பியர் மணி. தினமும் சார்ஜ் ஏறும் மெஷினுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வேறு இடத்தில் இதே ரெசிஸ்டர் எமனாகும், அதைக் கீழே சொல்கிறேன்.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று. 8.4-லிருந்து 6 வோல்ட் வரை இறங்க 43 ஜூல் கிடைக்கும். மெஷின் சும்மா இருக்க 0.35 வாட் போதும் என்பதால், பேட்டரியைக் கழற்றினாலும் இரண்டு நிமிஷத்துக்குத் திரை எரிந்துகொண்டே இருக்கும். ஓடுகிற பஸ்ஸில் மெஷினை அணைக்காமலே பேட்டரியை மாற்றலாம். கண்டக்டர்களுக்கு அதிகம் பிடித்தது இதுதான், அணையாமல் அச்சாவது கூட அப்புறம்தான்.

இதன் மறுபக்கம் ஆபத்து. பேட்டரி இல்லையே என்று மெஷினைத் திறந்து விரல் வைத்தால் மோதிரம் இரண்டு முனையையும் தொடலாம். 8 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் நாற்பது, ஐம்பது ஆம்பியர் மோதிரத்தின் வழி பாய்ந்து சுட்டுவிடும். திறந்ததும் முதல் வேலை ரெசிஸ்டர் போட்டு இறக்குவது. செல்லின் வால்வு திறந்து வாடை வந்தால் சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். பெரும்பாலான செல்களில் இருப்பது அசிட்டோநைட்ரைல், தீப்பிடிக்கக் கூடியது, மூச்சுக்கும் ஆகாது. சால்டரிங் அயனைச் செல்லின் காலில் அதிக நேரம் வைக்காமல் இருந்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

இப்போது அந்த எமன் ரெசிஸ்டர். கிணற்றில் நீர்மட்டம் பார்த்து நாளுக்கு ஒருமுறை எஸ்எம்எஸ் அனுப்பும் கருவி ஒன்று கேட்டார்கள். கையில் தூக்கிப் போய் எந்தக் கிணற்றிலும் மாட்ட வேண்டும், சார்ஜ் செய்யும் வேலை இருக்கக் கூடாது. அதற்குப் பொருத்தமான பேட்டரி லித்தியம் தயோனைல் குளோரைடு, இஆர்14505 என்ற பென்டார்ச் செல் அளவு. 3.6 வோல்ட், 2,400 மில்லி ஆம்பியர் மணி, வருஷத்துக்கு ஒரு சதவீதம் வாக்கில்தான் தானாக இறங்கும். லித்தியத்தின் மேல் லித்தியம் குளோரைடு படலம் படிந்து அதைக் காப்பதால் இந்த ஆயுள். அதே படலம்தான் திடீரென்று மின்னோட்டம் கேட்டால் தடுப்பதும். நூறு மில்லி ஆம்பியருக்கே திணறும். எஸ்எம்எஸ் அனுப்பும் சிம்800எல் மாதிரி 2ஜி மாட்யூல் அனுப்பும்போது 4.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 577 மைக்ரோ விநாடி நேரம், 2 ஆம்பியர் வரை கேட்கும். இந்த இரண்டையும் நேராகச் சேர்த்து வைக்கவே முடியாது.

சூப்பர் கெபாசிட்டரை அப்படியே இணையாக வைத்தாலும் போதாது. மாட்யூலுக்குக் குறைந்தது 3.4 வோல்ட் வேண்டும், பேட்டரி கொடுப்பது 3.6. நடுவில் இருக்கும் 0.2 வோல்ட்டில் கெபாசிட்டர் எதைக் கொடுத்துவிடப் போகிறது? கெபாசிட்டரில் இருக்கும் சக்தி வோல்டேஜ் இறங்க இறங்கத்தான் வெளியே வரும். இறங்க இடம் கொடுக்காவிட்டால் எத்தனை ஃபாரட் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் பேட்டரியிலிருந்து 20 மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்து, வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வழியாக, தொடராக வைத்த இரண்டு 10 ஃபாரட் செல்களை 5 வோல்ட் வரை ஏற்றி, அங்கிருந்து 3.6-க்கு இறக்கி மாட்யூலுக்குக் கொடுத்தேன். 5-லிருந்து 4 வோல்ட் வரை இறங்கினால் 22 ஜூல். சிக்னல் நன்றாக இருந்தால் ஒரு எஸ்எம்எஸ் இதற்குள் போய்விடும். மறுபடி நிரப்ப ஆறு நிமிஷம். சிக்னல் இல்லாத கிணற்றில் மாட்யூல் தேடிக்கொண்டே இருக்கும் என்பதால், 4 வோல்ட் தொட்டதும் முயற்சியைக் கைவிட்டு மறுநாள் பார்க்கும்படி புரோகிராமில் கட்டாயம் எழுத வேண்டும்.

இங்கே அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டால் என்ன ஆகும்? செல்லுக்கு 2.5 வோல்ட், 0.25 மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டில் போவதை 3.6 வோல்ட் பேட்டரியின் கணக்கில், கன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் 0.4 மில்லி ஆம்பியர். வருஷத்துக்கு 3,500 மில்லி ஆம்பியர் மணி. ஒரு எஸ்எம்எஸ் கூட அனுப்பாமல் எட்டு மாசத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். ரெசிஸ்டருக்குப் பதிலாக, ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவில் ஓடும் ஆப்-ஆம்ப் என்ற சிப்பை வைத்து, இரண்டு செல்லும் சேரும் நடுமுனையைச் சரிபாதி வோல்டேஜில் பிடித்து நிறுத்தினால் இந்தச் செலவு கிட்டத்தட்ட மறைந்துவிடும். செல்களின் இயல்பான கசிவு அப்படியேதான் இருக்கும். புதுசில் அது அதிகம், தொடர்ந்து சில நாள் சார்ஜில் வைத்த பிறகே தரவேட்டில் சொன்ன அளவுக்கு அடங்கும். சார்ஜ் செய்த அன்றைக்கே அளந்துவிட்டு செல் மோசம் என்று தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு, இந்த வகை பேட்டரியையும் கெபாசிட்டர் போன்ற ஒரு துணைச் செல்லையும் சேர்த்தே விற்கிறார்கள். டாடிரான் நிறுவனத்தின் பல்சஸ்பிளஸ் அப்படிப்பட்டது. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஐந்து, பத்து வருஷம் தொடவே முடியாத இடத்தில் மாட்டுவதென்றால் நானே அதைத்தான் சொல்வேன்.

பேட்டரியே இல்லாமல் சூப்பர் கெபாசிட்டர் மட்டும் என்பதும் சில இடத்தில் சரியாக வரும். சாம்சங் 2018-இல் வெளியிட்ட கேலக்ஸி நோட் 9-இன் எஸ் பென்னில் இருந்தது அதுதான். 40 விநாடி சார்ஜில் அரை மணி நேரம். போனுக்குள் செருகினால் சார்ஜ் ஆகிவிடும் என்பதால் அது போதும். காரில் வைக்கும் டேஷ் கேமராக்கள் பலவற்றிலும் லித்தியத்துக்குப் பதில் இதுதான், கண்ணாடிக்குப் பின்னால் வரும் வெயிலுக்குப் பயந்து.

கடைசியாக, ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டு வெப்பநிலை பார்க்கும் ஒரு புளூடூத் டேக். சிஆர்2032 காசு பேட்டரியில் ஓடுவது. வெளியே நன்றாக வேலை செய்து, மைனஸ் 20 டிகிரியில் ரீசெட் ஆகிறது, சூப்பர் கெபாசிட்டர் போட்டுத் தாருங்கள் என்று ஒரு தம்பி வந்தார். ஆசை நியாயமானது, சூப்பர் கெபாசிட்டர் மைனஸ் 40 வரை தாங்கும். குளிரில் காசு பேட்டரியின் உள்மின்தடை நூறு ஓமுக்கு ஏறினால், சிக்னல் அனுப்பும் 10 மில்லி ஆம்பியரிலேயே 1 வோல்ட் விழுந்துவிடும். ஆனால் அந்த இழுப்பு நீடிப்பது 3 மில்லி விநாடி. மொத்த மின்னூட்டம் 30 மைக்ரோ கூலும். 220 மைக்ரோ ஃபாரட் இருந்தால் வெட்டு 0.14 வோல்ட்டில் நின்றுவிடும், ஃபாரட் கணக்கில் எதற்கு? சின்ன சூப்பர் கெபாசிட்டர் 5 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால்கூட வருஷத்துக்கு 44 மில்லி ஆம்பியர் மணி, அந்தப் பேட்டரியின் ஐந்தில் ஒரு பங்கு. மற்ற கெபாசிட்டர் வகைகளில், சாதா எலெக்ட்ரோலிடிக் குளிரில் விறைத்துவிடும், பாலிமர் டான்டலத்தின் கசிவு இன்னும் அதிகம். செராமிக் போடச் சொன்னேன். அதிலும் ஒரு விஷயம், 6.3 வோல்ட் என்று எழுதியிருக்கும் 100 மைக்ரோ ஃபாரட் செராமிக், 3 வோல்ட் ஏறியதும் பாதி அளவுக்கு இறங்கிவிடலாம், குளிரில் இன்னும் கொஞ்சம் போகும். எனவே இரண்டு போதும் என்று கணக்கு வந்தால் ஐந்து போட வேண்டும். தம்பி ஐந்து போட்டார்.